காலமானவரின் இருபத்து மூன்றாவது தாள்

பழைய செய்தித்தாளை எடைக்குப் போடும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. இதில் என் மனைவிக்கு என் மேல் தீராத வருத்தம். கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேலே, மாவு டப்பாவுக்குப் பின்னால் என்று எங்கே கை வைத்தாலும் போன வருஷத்துச் செய்தி வந்து விழும். ஆனால் செடியைக் காய வைக்க அதைவிட நல்ல பொருள் இன்னும் வரவில்லை, ஐயா. வழவழப்பான தாள் ஈரத்தைக் குடிக்காது. என் அறையிலிருந்து நீங்கள் மூட்டை கட்டி எடுத்து வந்த தாள்களைத் தேதி வரிசை மாறாமல் அடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வழக்குக்கே அது உதவும்.

ஏன் செய்தேன் என்று என் கைப்பட எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். எழுத்து பொடியாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இருபத்தொன்பது வருஷம் உள்ளங்கை அளவு சீட்டில் எழுதிப் பழகிய கை இது.

எங்கள் காப்பகத்தில் உலர்ந்த செடிகள் இரண்டு லட்சத்துச் சொச்சம் இருக்கின்றன. ஆய்வாளர்கள் காடு மேடு அலைந்து பறித்து வருவார்கள். நான் அதைச் செய்தித்தாளுக்குள் விரித்து, மேலும் கீழும் உறிஞ்சுதாள் வைத்து, இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவில் கொடுத்து வாரால் இறுக்கிக் கட்டுவேன். தினமும் அவிழ்த்து ஈரத்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைப்பேன். பத்து நாளில் செடி தட்டையாகக் காய்ந்துவிடும். பிறகு மூன்று நாள் உறைபெட்டி, பூச்சி சாக. அதற்கும் தப்பிய பூச்சி சாக, சாராயத்தில் கரைத்த பாதரச விஷத்தைத் தூரிகையால் பூசுவேன். அலமாரிகளில் போடும் அந்துருண்டை வாசனை என் மேலேயே ஊறிவிட்டது. கடைசியில் தடித்த தாளில் ஒட்டி, காம்பை நூலால் தைத்து, வலது கீழ் மூலையில் சீட்டு ஒட்டுவேன். எங்கே, எப்போது, முதலில் கண்டவர் யார், பறித்தவர் யார், பறித்த பின் அங்கே எத்தனை செடி மிச்சம் நின்றது. உதிரும் விதைக்கு ஓரத்தில் ஒரு சின்னக் காகித உறை. இத்தனையும் இருந்தால்தான் அது தாள். தாள் இல்லாத செடி எங்கள் துறையில் செடியே இல்லை. புகைப்படம் ஆயிரம் காட்டுங்கள், நேரில் பார்த்தேன் என்று நூறு பேர் சத்தியம் செய்யட்டும், தாள் எங்கே என்றுதான் நாங்கள் கேட்போம்.

அந்த இரண்டு லட்சத்தில் ஒருவருக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டி உண்டு. நூற்றுப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மலைச்சரிவில் ஒரே ஒருமுறை பறித்த செடி. அதன் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு சாண் உயரம், சொரசொரப்பான இலை, அழுக்கு மஞ்சளில் பூ, துணியில் ஒட்டிக்கொள்ளும் கொக்கிக் காய். உயிரோடு வழியில் நின்றிருந்தால் மிதித்துக்கொண்டு போயிருப்பீர்கள். இல்லாமல் போனதும் மரியாதை கூடிவிட்டது, மனிதர்களுக்கு நடப்பதுபோலவே. அலுவலகத்தில் எல்லோரும் அதைக் ‘காலமானவர்’ என்றுதான் சொல்வோம். வெளியூர்ப் பேராசிரியர்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நிற்பார்கள். ஒருவர் அழுதே விட்டார்.

அவர் காலமானார் என்று முடிவு செய்தது நான். இருபத்தொரு வருஷத்துக்கு முன்னால் அப்போதைய இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, மூன்று மழைக்காலம் மலையில் தேடிவிட்டு வா என்று அனுப்பினார். திரும்பி வந்து அந்தத் தாளில் என் சீட்டை ஒட்டினேன். ‘மூன்று மழைக்காலம் தேடியும் கிடைக்கவில்லை. இச்செடி உலகில் இல்லை.’ கீழே என் கையெழுத்து. ஒட்டுகிறவன் பெயரும் தைக்கிறவன் பெயரும் சீட்டில் வராது, ஐயா. என் பெயர் வந்த சீட்டு அதுவரை அது ஒன்றுதான். அன்றிலிருந்து எனக்கு ‘இல்லாததைக் கண்டுபிடித்தவர்’ என்று பட்டப்பெயர். கேலியாக ஆரம்பித்ததுதான். பிறகு மாநாட்டு மேடைகளில் என்னை அப்படியே அறிமுகம் செய்தார்கள். இல்லாததைப் பற்றி நான் நாற்பது நிமிடம் பேசுவேன். கேள்வி நேரம் தனி. நன்றாகக் கைதட்டுவார்கள்.

போன வருஷம் ஆய்வு உதவியாளராக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கழுத்தில் எந்நேரமும் ஒரு பூதக்கண்ணாடி தொங்கும், அதனால் அதுவே அவள் பெயராகிவிட்டது. நல்ல பெண். புல்லைக்கூடத் தாண்டித்தான் போவாள். ஒருநாள் மதியம், நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம், மூச்சு வாங்க என் மேசைக்கு ஓடி வந்தாள்.

“சார், காலமானவர் உயிரோட இருக்கார் சார்.”

“யாரும்மா?”

“நம்ம பெட்டியில இருக்காரே, அவர்தான். லாரிப் பட்டறைக்குப் பின்னாடி, சாக்கடை ஓரமா. மரம் ஏத்தி வர்ற லாரியோட வந்திருப்பார் போல. இருபத்திரண்டு பேர் இருக்காங்க, எண்ணிட்டு வந்தேன்.”

புகைப்படத்தைக் காட்டினாள். அவர்தான். அழுக்கு மஞ்சள், கொக்கிக் காய், ஒன்றும் மாறவில்லை. டப்பாவை மூடினேன். யாரிடமெல்லாம் சொன்னாய் என்று கேட்டேன்.

“உங்ககிட்டதான் சார் மொதல்ல. உங்களைவிட யாருக்கு சார் சந்தோஷமா இருக்கும்?”

தாளுக்கு ஒன்று பறிக்கலாமா என்று அவள் அடுத்துக் கேட்டாள். வேண்டாம் என்றேன். “இருபத்திரண்டு பேர்தான் இருக்காங்கன்னு நீயே சொல்ற. அதுல ஒருத்தரைப் பிடுங்க உனக்கு மனசு வருதா? நிபுணர் கமிட்டி வந்து பாக்கட்டும்மா. அதுவரைக்கும் தொடாத.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களை மாதிரி மனுஷங்க இருக்கறதாலதான் சார், என்று ஏதோ சொல்ல வந்து முடிக்காமல் போனாள்.

நான் அன்று சாப்பிடவில்லை. நிதானமாக யோசித்தேன். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு சீட்டு பொய் என்று தெரிந்தால் இரண்டு லட்சம் சீட்டையும் எவன் நம்புவான்? ஆக, சீட்டும் செடியும் ஒத்துப்போக வேண்டும். எதையாவது ஒன்றைத் திருத்த வேண்டும். எங்கள் துறையில் ஒருமுறை ஒட்டிய சீட்டைக் கிழிக்கக் கூடாது. தப்பு என்றால் பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டலாம், அவ்வளவுதான். என் சீட்டுக்குப் பக்கத்தில் ‘இது தவறு’ என்று வேறொருவர் கையெழுத்து, நான் போன பிறகும், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில். அதை நினைத்தபோது பயந்துதான் போனேன். சீட்டைக் கிழிக்க விதி இடம் தரவில்லை. செடியைப் பறிக்க விதி இருக்கிறது.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், காலையில், களைக்கொத்தியும் பையுமாகப் பட்டறைக்குப் போனேன். ஒரே நாளில் எல்லோரையும் எடுத்திருக்கலாம். என் மரச்சட்டத்தில் எட்டுப் பேருக்கு மேல் நெருக்கினால் இலை மடங்கிவிடும். பட்டறைக்காரர் லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்.

“மருந்துக்கா சார்?”

“ஆமாங்க.”

“எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க. இந்தப் பக்கத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லி நான் கத்தாத கத்து இல்ல. நல்லா இருப்பீங்க சார்.”

வெறும் மண்ணாக விட்டால் கொசு சேரும், சிமென்ட் போட்டுவிடுங்கள் என்று அவருக்கு யோசனை சொன்னேன். அடுத்த வாரமே போட்டுவிட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

(பேனா கீழே விழுந்துவிட்டது. நானே குனிந்து எடுத்துக்கொண்டேன். உங்கள் காலில் இடித்திருந்தால் மன்னிக்கவும்.)

கமிட்டி வருவதற்குத் தேதி குறித்துக் கொடுத்தது நான். பட்டறைக்கு வார விடுமுறை நாள். அந்தப் பெண் நீங்கலாக எட்டுப் பேர், இரண்டு வண்டியில் போனோம். எட்டுப் பேரும் ஒரு சிமென்ட் தரையைச் சுற்றி வட்டமாக நின்று குனிந்து பார்த்தோம். ஒருவர் பழக்க தோஷத்தில் தொப்பியைக் கழற்றினார். பூதக்கண்ணாடி மண்டியிட்டுத் தரையின் விளிம்பு முழுவதும் விரலால் தடவிக்கொண்டே வந்தாள். “இங்கதான் சார் இருந்தாங்க. நான் எண்ணினேன் சார்.” புகைப்படத்தைக் காட்டினாள். தாள் எங்கே என்று எட்டுப் பேரும் கேட்டோம். நானும் கேட்டேன். கேட்காமல் இருந்தால் நன்றாக இருக்காது.

வேலைநீட்டிப்பு வந்தபோது அவளைப் பற்றி இயக்குநர் என் கருத்தைக் கேட்டார். ‘உழைப்பாளி. கண்ணுக்கு ஓய்வு தேவை’ என்று எழுதிக் கொடுத்தேன். நீட்டிக்கவில்லை. போகிற அன்று என் மேசைக்கு வந்து நின்றாள். “நான் நிஜமாவே தப்பா பாத்துட்டேனா சார்?” என்று கேட்டாள். “வயசு இருக்கும்மா, எல்லாருக்கும் வர்றதுதான்” என்றேன். தலையை ஆட்டினாள். அதன் பிறகு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். அவளுக்கு ஏதோ ஒரு விதத்தில் பொருத்தமான இடம் கிடைத்ததே என்று மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

இதோடு முடிந்திருக்க வேண்டும். என் மனைவி என் கால்சட்டைகளைத் துவைப்பதற்கு முன்னால் உதறுகிற பழக்கம் உள்ளவள். உதறுகிற இடம் பின்வாசலில், ரோஜா செத்துப்போய்ச் சும்மா கிடந்த தொட்டிக்கு மேலே. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இங்க பாருங்களேன், தானா என்னமோ மொளைச்சிருக்கு.”

இரண்டு இலை. சொரசொரப்பு. களை, பிடுங்கிவிடு என்றேன்.

“போங்க, உங்களுக்கு உயிரோட இருந்தாலே ஆகாது. பாவம், இருந்துட்டுப் போகட்டும்.”

அப்போதே பிடுங்கியிருக்கலாம்தான். ஆனால் பூவும் காயும் இல்லாத தாள் அரைகுறைத் தாள். அப்படி ஒன்றை என் வாழ்நாளில் நான் ஒட்டியதில்லை. பூக்கட்டும் என்று காத்திருந்தேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன். மதிய வெயில் தாங்காது என்று என் குடையைக் கட்டி நிழல் கொடுத்தேன். அலுவலகத்துக்குக் குடை இல்லாமல் நனைந்துகொண்டு போனேன். பக்கத்து வீட்டுப் பூனை படுக்க வந்தால் துரத்தினேன். எனக்கு அதன் மேல் பாசம் வந்துவிட்டது, ஐயா, மறைக்க ஒன்றும் இல்லை. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு யாருக்குத்தான் வராது? பெட்டிக்குள் இருபத்தொரு வருஷம் பார்த்த முகம் காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வாய்விட்டுப் பேசவும் பேசினேன். “கல்யாணம் ஆனதுலேர்ந்து என்கிட்ட இவ்வளவு பேசலையே நீங்க” என்றாள் மனைவி. கேலிதான் செய்தாள், ஆனால் சந்தோஷமாக இருந்தாள். அந்த ஏழு வாரம் எங்கள் வீடு நன்றாக இருந்தது.

பூத்தது. காய்த்தது. பன்னிரண்டு காய். முற்றிப் பழுப்பாகிற சமயம் அவள் நாலு நாள் தங்கை வீட்டுக்குப் போக வேண்டி வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, “தண்ணி ஊத்த மறந்துடாதீங்க” என்றாள். நான் மறக்கவில்லை. வேரோடு எடுப்பதற்கு முந்தின நாள் நன்றாகத் தண்ணீர் விட வேண்டும். அப்போதுதான் வேர் அறாமல் வரும்.

அழகான தாள். இருபத்து மூன்று தாளில் அதுதான் சிறந்தது. வேர், தண்டு, இலை, பூ, காய், எல்லாம் ஒரே செடியில். எடுக்கும்போது காய்கள் உதிர்ந்தன. பதினொன்றைப் பொறுக்கிவிட்டேன். பன்னிரண்டாவது கிடைக்கவில்லை. பின்வாசலில் முழங்கால் தேயத் தேடினேன், இரண்டு நாள். துடைப்பத்தைப் பிரித்துப் பார்த்தேன். பூனையைப் பிடித்து வாரிப் பார்த்தேன். எங்கே ஒளிந்ததோ, தெரியவில்லை. ஊரிலிருந்து வந்ததும் அவள் தொட்டியைப் பார்த்து, எங்கே என்று கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றேன். வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டேன் என்று நினைத்திருப்பாள். நான் பொய் சொல்லவில்லை.

பிடிபட்ட கதை உங்களுக்கே தெரியும். பட்டறைக்காரருக்குப் பார்வை மங்கி, கண்ணாடி வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரப் பெண் அவர் மூக்கில் கண்ணாடியை மாட்டிவிட்டு எழுத்துகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் படித்துக்கொண்டே, இப்படித்தான் எங்கள் பட்டறைப் பக்கம் ஒரு சார் வந்தார், கிட்டே வந்தால் அந்துருண்டை வாசனை, மூன்று ஞாயிற்றுக்கிழமையில் செடி அத்தனையும் மருந்துக்கு எடுத்துப் போனார், அவர் சொல்லித்தான் சிமென்ட் போட்டேன் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். மறுநாள் பூதக்கண்ணாடி காப்பகத்துக்குப் பார்வையாளராக வந்தாள். நேராகப் பதினேழாம் அலமாரிக்குப் போய், கீழ்த்தட்டைத் திறந்தாள். இருபத்து மூன்று தாளும் அங்கே இருந்தன.

அதைப் போய் ஏன் அங்கே வைத்தாய், எரித்திருக்கலாமே என்று உங்கள் உதவியாளர் கேட்டுச் சிரித்தார். எரிப்பதா? அதன் குடும்பத்துச் செடிகள் எல்லாம் பதினேழில்தான் இருக்கின்றன, வேறு எங்கே வைப்பேன்? சீட்டும் சரியாக எழுதியிருக்கிறேன், நீங்களே பாருங்கள். தேதி, இடம், பறித்தவர் நான். ‘மிச்சம் நின்ற செடிகள்’ என்ற இடத்தில் முதல் ஞாயிறு பதினான்கு, இரண்டாவது ஞாயிறு ஆறு, மூன்றாவது ஞாயிறு இல்லை. உங்களுக்குச் சாட்சி தேடும் வேலையே வைக்கவில்லை. பட்டறைத் தாள் இருபத்திரண்டிலும் ‘முதலில் கண்டவர்’ என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பெயரைத்தான் எழுதினேன், படித்து வாங்கிய பட்டத்தோடு. தொட்டிச் செடிக்கு என் மனைவியின் பெயர். முதலில் பார்த்தது அவர்கள்தானே. அடுத்தவர் கண்டதை என் பெயரில் எழுதுகிற ஆள் நான் இல்லை.

அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டித் தன் பெயரைப் படித்தாள். இருபத்திரண்டு முறை. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்ப நான் சரியாத்தான் பாத்தேன்” என்றாள். சந்தோஷப்படுகிறாளா அழுகிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்று காலை நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். அந்தக் காலித் தொட்டியை ஒட்டி நின்று, இருபத்து மூன்றாவது தாளை என் மனைவியிடம் காட்டினீர்கள். அவள் அதைக் கையில் வாங்காமலே பார்த்தாள். “தினமும் தண்ணி ஊத்தினீங்களே” என்றாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவளிடம் இந்த வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுத்தால், குடையைப் பற்றி எழுதியிருக்கிற பக்கத்தை முதலில் காட்டுங்கள்.

நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. முதலாவது, மூன்று மழைக்காலம் உண்மையிலேயே தேடினாயா என்பது. என் அக்காவிடம் தொலைபேசியில் விசாரித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது. அக்காவுக்குப் பொய் வராது. மலையடிவாரத்தில்தான் அக்கா வீடு. முதல் நாள் கொஞ்ச தூரம் ஏறினேன். காலில் ஏழு அட்டைப்பூச்சி. எனக்கு அட்டைப்பூச்சி ஆகாது, ஐயா, பார்த்தாலே மயக்கம் வரும். இறங்கி வந்துவிட்டேன். மூன்று மழைக்காலமும் அக்கா வீட்டுக் கூடத்தில் மாமாவோடு சீட்டாடினேன். சன்னல் வழியாக மலை தெரியும். அங்கிருந்து பார்த்த வரையில் அந்தச் செடி எனக்குத் தட்டுப்படவில்லை. ஆகவே சீட்டில் நான் எழுதியதில் முதல் வாக்கியம்தான் கொஞ்சம் அப்படி இப்படி. இரண்டாவது வாக்கியம் அன்றைக்கு உண்மையோ இல்லையோ, இன்றைக்கு உண்மை. அதை உண்மையாக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இரண்டாவது கேள்வி, விதை ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது. தாள்களில் உள்ள உறைகளில் இருப்பவை அத்தனைக்கும் முறைப்படி விஷம் பூசியாகிவிட்டது. அவை முளைக்காது. பன்னிரண்டாவது காய் ஒன்று கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? இன்று காலை தொட்டிப் பக்கம் நின்றீர்களே, உங்கள் கால்சட்டை மடிப்பில் ஒட்டிக்கொண்டு இங்கே வந்திருந்தது. நான் பேனாவை எடுக்கக் குனிந்தபோது அதைப் பார்த்து எடுத்துக்கொண்டேன். நீங்கள் தேநீர் சொல்ல வாசலுக்குப் போன நேரத்தில் பல்லில் கடித்துப் பார்த்தேன். விதை உள்ளே ஒன்றும் இல்லாத பொக்கா இல்லையா என்று தெரிந்துகொள்ள அதைவிட நிச்சயமான வழி இல்லை. இரண்டு பாதியையும் இந்தக் காகிதத்தின் மடிப்பில் வைத்திருக்கிறேன். ஒரு சின்ன உறையும் கொஞ்சம் பசையும் வேண்டும். இடம், விசாரணை அறை. மிச்சம், இல்லை. ‘முதலில் கண்டவர்’ என்ற இடத்தில் இந்தமுறை என் பெயரைத் தாராளமாக எழுதலாம்.

பொக்கு இல்லை. உள்ளே பால் வெள்ளையாக, நல்ல திரட்சியாக இருந்தது. முளைத்திருக்கும்.